அஞ்சு சென்டில் தொலைந்த கண்டக்டர்

எங்கள் வாய்க்கால்மேட்டு நகரில் சென்னியப்பன் களையெடுக்கப் போனது ஓர் ஆவணி மாதத்துப் புதன்கிழமை. காலையில் இட்லி சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் அரிவாளும் ஒரு கையில் களைக்கொத்தும் கழுத்தில் பழைய விசிலுமாகத் தன் வீட்டுப் பின்கதவைத் திறந்து இறங்கினார். மத்தியானச் சோற்றுக்கு வரவில்லை, ராத்திரிச் சோற்றுக்கும் வரவில்லை, தை பிறக்கும்வரை வரவில்லை. அதற்காக அவர் வேறெங்கும் போய்விட்டார் என்று நினைக்கக் கூடாது. அந்தக் காய்கறித் தோட்டத்துக்குள்ளேயேதான் இருந்தார். தோட்டம் மொத்தமே அஞ்சு சென்ட்.

அந்தத் தோட்டம் அவருடைய மனைவி மயிலாத்தாளுடையது. சென்னியப்பன் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக ஊரூராகப் போய்வந்த காலமெல்லாம் அவள் அதில் வெண்டையும் அவரையும் பீர்க்கும் போட்டு, தங்கள் வீட்டுக்குப் போக மீதியைத் தெருவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் ரிட்டயர் ஆனார். ரிட்டயர் ஆன மறுநாளே தோட்டத்தின் ஓரத்தில் வந்து நின்று, "இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி நடு, உள்ளதான் எடம் கெடக்குதல்ல, எல்லாத்தையும் ஏன் வாசப்படியிலேயே நிக்க வெக்கிற?" என்று கத்தரி நாற்றுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவர், தண்ணீர் பாய்ச்ச ரெண்டு விசில், நிறுத்த ஒரு விசில் என்று ஒரு வருசம் ஊதினார். ஒரு நாள் அவள் மிளகாய் நாற்றை மண்ணில் வைக்கும் சமயத்தில் ஒரு விசில் கேட்டது. மயிலாத்தாள் நாற்றைக் கீழே வைத்தாள். கொத்தையும் கீழே வைத்தாள். "இனி நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனவள் அதற்குப் பிறகு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவரும் பேசவில்லை. அவர் சொல்ல வேண்டியதை பிரிட்ஜிடம் சொன்னார், அவள் சொல்ல வேண்டியதைப் பூனையிடம் சொன்னாள். இரண்டு மழைக்காலம் வந்துபோனது. கோரையும் அருகும் முதலில் வந்தன, அவற்றுக்கு மேலே சாரணையும் நாயுருவியும் வந்தன, அவற்றுக்கும் மேலே துத்தி ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது, கடைசியில் மேலே ஏறுவதற்கு ஏதுமில்லாத கொடிகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. பக்கத்து வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கும் ருக்குமணி, பாம்பு நடமாட்டம் இருக்கிறதென்று மூன்று தடவை வந்து சொன்ன பிறகுதான் சென்னியப்பன் அரிவாளை எடுத்தார்.

மத்தியானம் சோறு ஆறிப்போனது. மயிலாத்தாள் மதில் ஓரம் வந்து, "ருக்கு, உங்கொண்ணனைச் சாப்புடக் கூப்புடு" என்றாள்.

"அண்ணா! சாப்புட வாங்க!" என்றாள் ருக்குமணி.

"வந்துட்டனம்மிணி!" என்று கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவர் குரல் கேட்டது. துத்தி அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிற மாதிரி, "வந்துக்கிட்டே இருக்கறன்!" என்று கேட்டது. பொழுது சாய்கிற நேரத்தில் மறுபடியும் பக்கத்தில் வந்தது. "ஏனம்மிணி, வீடு எந்தப் பக்கம்?"

"வடக்க பாருங்கண்ணா, தண்ணித் தொட்டி தெரியுதா?"

"தொட்டியா? ஒண்ணுமே தெரீல. கண்ணுக்கு எட்டுன வரைக்கும் துத்தியாத்தான் இருக்குது."

ருக்குமணி ஒரு கல்லை எடுத்து வீசிப் பார்த்தாள். அது தோட்டத்தைத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்து வீட்டுச் சுவரில் டம்மென்று அடித்தது. "சின்ன எடந்தானக்கா" என்றாள். மயிலாத்தாள் தலையாட்டிவிட்டு, சோற்றை ஒரு பையில் கட்டித் துத்தி மேலே எறிந்தாள். ஒரு விசில் கேட்டது. வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மறுநாள் தீயணைப்பு வண்டி வந்தது. ஒல்லியான பையன் ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே போனான், கயிறு போய்க்கொண்டே இருந்தது, வண்டியிலிருந்த கயிறெல்லாம் தீர்ந்து, மேலும் கயிறு வாங்கிவர ஆள் அனுப்பிய சமயத்தில் அவன் உள்ளே போன அதே இடத்தில், கயிற்றைக் கழற்றிவிட்டு, நாலு பீர்க்கங்காயோடு வெளியே வந்தான். "ஆளப் பாக்கலீங்க, செடிக்குள்ளயிருந்து கை மட்டும் நீட்டிக் காய் குடுத்தனுப்புனாரு. உள்ள ரொம்பத் தூரமுங்க" என்றான். அதிகாரி அவன் முகத்தைப் பார்த்தார், பீர்க்கங்காயைப் பார்த்தார், டீ குடித்தார், வேறொரு ஊரில் கிணற்றில் கன்றுக்குட்டி விழுந்துவிட்டதாகப் போன் வரவும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்புறம் எங்கள் கவுன்சிலர் ஒரு ஜேசிபியைக் கூட்டி வந்தார். அது காலையிலிருந்து மாலைவரை வாரி வாரி வெளியே கொட்டியது, குவியல் மயிலாத்தாள் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே போனது, வார்டில் இருந்த ஆடெல்லாம் அதைத் தின்று கொழுத்து நடக்க முடியாமல் படுத்துக்கொண்டன, ஆனால் தோட்டத்தின் விளிம்பு மட்டும் நின்ற இடத்தைவிட்டு ஒரு முழம் நகரவில்லை. ஓட்டுநர் இறங்கி, மண்டையைச் சொறிந்து, "இது கையாலதான் எடுக்கோணுமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. களை என்றால் கையால்தானே எடுப்பது.

இப்படியாக ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. காலையில் டீக்கடைக்காரர் டீயைப் பையில் முடிந்து எறிவார், ஒரு விசில் கேட்கும். பதிலுக்கு உள்ளேயிருந்து ஒரு சுரைக்காயோ ஒரு கை வெண்டையோ பறந்து வரும், களைக்குள்ளே இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் காய்த்த காய்களாகையால் அவற்றுக்கு இருந்த ருசி சந்தைக் காய்க்கு இல்லை, அதனால் டீக்கடைக்காரரைப் பார்த்துப் பேக்கரிக்காரர் பன் எறிந்தார், பேக்கரிக்காரரைப் பார்த்து மெஸ்காரர் குஸ்கா எறிந்தார். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் ரோட்டுப் பக்கத்து வேலியோரம் நின்று, "அண்ணா, சத்திக்கு இப்ப வண்டி இருக்குதுங்களா?" என்று கேட்பார்கள். "இப்பத்தான் போச்சு. அடுத்தது வர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சுக்கலாம். முன்னால ஏறாதீங்க, பின்னால ஏறுங்க" என்று துத்திக்குள்ளேயிருந்து பதில் வரும், அது ஒரு நாளும் தப்பாகாது. கேட்க வருகிறவர்கள் உட்கார்வதற்கென்று கவுன்சிலர் ஒரு சிமெண்ட் பெஞ்சு போட்டுத் திறந்துவைத்தார். பெஞ்சில் ஆள் இருப்பதைப் பார்த்து மினி பஸ் அங்கே நிற்க ஆரம்பித்தது.

உள்ளேயும் அவர் சும்மா இருக்கவில்லை. களையெடுத்துக்கொண்டுதான் இருந்தார். இடம் தெரியாமல் போகக் கூடாதென்று ஒவ்வொரு மூலைக்கும் ஸ்டாப் பேர் வைத்திருந்தார். "இன்னைக்குப் பீர்க்கம்பந்தல் தாண்டி வெண்டைப் பாத்தி வந்துட்டேன்" என்று வெளியே சொல்வார். ஆனால் ஒரு நாள் அவருக்கு ஒரு சிக்கல் வந்தது.

"ருக்கு அம்மிணி, இங்க ஒரு செடி இருக்குது. மூணு மூணு எலையா, ஊதாப் பூவு, மத்தது மேல சுத்திக்கிட்டு நிக்குது. இது களையா, செடியா? புடுங்கறதா, உடறதா?"

ருக்குமணிக்கு ஜாக்கெட் தெரியும், சுடிதார் தெரியும், செடி தெரியாது. "எனக்கெப்படித் தெரியும்ணா? எடஞ்சலா இருந்தாப் புடுங்கீருங்க."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மயிலாத்தாளால் பொறுக்க முடியவில்லை. "ஐயோ, அது அவரைச் செடி! புடுங்கீறாதீங்க!" என்று கத்திவிட்டாள். ஒரு வருசத்துக்கு மேலாக அவள் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது. துத்திக் காடு முழுதும் அப்படியே நின்றது. ருக்குமணி மெஷின் பெடலிலிருந்து காலை எடுத்தாள். உள்ளேயிருந்து, "சரி மயிலா" என்று கேட்டது.

அன்றிலிருந்து அவர் ருக்குமணியைக் கேட்கவில்லை. சாயங்காலமானால் மயிலாத்தாள் முகம் கழுவி, தலை சீவி, சேலை மாற்றிக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் வந்து உட்காருவாள், நாங்கள் எழுந்து இடம்விட்டுத் தள்ளிப்போவோம், கேட்காத தூரத்துக்கு அல்ல, பார்க்காத தூரத்துக்கு. "மயிலா, தண்டு செவப்பா, எலை வட்டமா, தரையோட படர்ந்து கெடக்குது." "அது சாரணைங்க, வேரோட எடுங்க." "இது மஞ்சப் பூ, எலையில சொணை இருக்குது, கை அரிக்குது." "பூசணி. கைய எண்ணெயில தொடைச்சுக்கங்க, எறியறேன்." கல்யாணம் ஆனதிலிருந்து பஸ்ஸில் டிக்கெட் யார் வாங்கவில்லை என்று கேட்ட மனிதர், வீட்டில் உப்பு ஏன் குறைச்சல் என்று கேட்ட மனிதர், இதைச் செய்யட்டுமா என்று அவளிடம் கேட்டது இப்போதுதான். செடியைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகும் அவர் எதையாவது கேட்டார். சின்ன வயதில் அவளுடைய அப்பா தோட்டத்தில் என்ன போட்டிருந்தார்கள் என்று கேட்டார். கல்யாணத்தன்று அவள் ஏன் அழுதாள் என்று கேட்டார். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று அவள் சொன்னாள். அப்புறம், இல்லை, உங்களைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது என்று சொன்னாள். துத்திக்குள்ளே அவர் சிரித்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

கார்த்திகை மாதம் ஒரு சாயங்காலம், "மயிலா, இன்னைக்கு நெறையத் தெளிஞ்சிருச்சு. தூரத்துல துணி தொவைக்கற கல்லாட்டம் ஒண்ணு தெரியுது. நம்ம கல்லுதான்னு நெனைக்கறேன்" என்றார்.

மயிலாத்தாள் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். அவள் சந்தோசப்படவில்லை. அவர் அந்தக் கல்லைத் தாண்டி வருவதும், காலைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போவதும், பிரிட்ஜிடம் பேசுவதும், மறுநாள் காலையில் வரப்பில் நின்று ஒரு விசில் ஊதுவதும் அவள் கண்முன்னால் வந்துபோயின.

"முன்னால ஒரே ஒரு செடிதான் மறைச்சுக்கிட்டு நிக்குது" என்றார் அவர். "எலை கொத்தமல்லியாட்டம் கிழிகிழியா இருக்குது. பூவு வெள்ளையா, பொடிப்பொடியா. புடுங்கட்டுமா?"

அது என்னவென்று அவளுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். மயிலாத்தாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அது... காட்டுக் கொத்தமல்லிங்க. வெதைக்கு ஆகும். உட்ருங்க."

மதிலுக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. "ஏனக்கா, அது பார்த்தீனியக் களைதான?"

"நீ ஜாக்கெட்டைத் தைய்யி."

ஒரே வாரத்தில் பார்த்தீனியம் இடுப்பளவு வந்து, நெஞ்சளவு வந்து, துவைக்கிற கல்லை முழுதாக மறைத்தது. திருப்பூரிலிருந்து மகள் சுகந்தி போன் பண்ணி, "அம்மா, அப்பா இன்னுமா களையெடுக்கறாரு?" என்று கேட்டாள். "எடுத்துக்கிட்டேதான் இருக்காரு, அம்மிணி. காடு பெருசாச்சே" என்றாள் மயிலாத்தாள். அன்று மனசு கேட்காமல் உளுந்து வடை சுட்டு எறிந்தாள், அடுத்த நாள் பணியாரம் எறிந்தாள், எதை எறிந்தாலும் அவளுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, ஆனாலும் சாயங்காலமானால் முகம் கழுவித் தலை சீவிப் பெஞ்சுக்குப் போகாமல் இருக்கவும் முடியவில்லை.

மார்கழிப் பனி இறங்கிய ஒரு காலையில் டீ எறிந்தார்கள், விசில் கேட்கவில்லை. பன் எறிந்தார்கள், கேட்கவில்லை. ஈரோட்டுக்குப் போகிறவர்கள் வண்டி எப்போது என்று தெரியாமல் நாலா பக்கமும் ஓடினார்கள். "அண்ணா! அண்ணா!" என்று ருக்குமணி கத்தினாள், பெஞ்சு மேலே ஏறி நின்று கவுன்சிலர் கத்தினார். துத்தி அசையவில்லை. எல்லோரும் வேலியோரம் கூடி நின்றோம், யார் உள்ளே போவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், பார்த்தவர்களெல்லாம் கீழே குனிந்துகொண்டோம்.

மயிலாத்தாள் வீட்டுக்குள் போய்ச் சுக்குக் கஷாயம் வைத்து பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டாள். களைக்கொத்து அவரிடம் இருந்ததால் இரும்புத் தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டாள். ருக்குமணி அவள் கையைப் பிடித்தாள். மயிலாத்தாளுக்கு அழுகை பொங்கிவிட்டது. "நாந்தான் ருக்கு அவர உள்ள வெச்சுப் பூட்டுனது. வெளிய வந்திருப்பாரு. நாந்தான் பொய் சொல்லி உட்ருங்கன்னேன்."

"தெரியுமக்கா" என்றாள் ருக்குமணி.

"தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். காய் நல்லா வருதேன்னு யாரும் வாயத் தொறக்கல."

நாங்கள் இன்னும் கொஞ்சம் கீழே குனிந்துகொண்டோம்.

மயிலாத்தாள் மற்றவர்கள் போன மாதிரி நிமிர்ந்து நடந்து போகவில்லை. களையெடுக்கிற பெண்கள் எப்படிப் போவார்களோ அப்படிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முன்னால் இருப்பதைத் தோசைத் திருப்பியால் நெம்பி எடுத்து, பக்கத்தில் போட்டு, அரையடி நகர்ந்து, மறுபடி நெம்பி எடுத்துப் போனாள். தூரத்தில் என்ன இருக்கிறது என்று அவள் பார்க்கவேயில்லை, பார்த்திருந்தால் பயந்திருப்பாள், ஏனென்றால் உள்ளே வானம் இறங்கிவந்து செடியைத் தொடுகிற இடம்வரை துத்தியாகவே இருந்தது, நடுவில் வெயில் ஒரு பக்கமும் பனி ஒரு பக்கமுமாக இருந்தது. பீர்க்கம்பந்தல் ஸ்டாப்பைத் தாண்டினாள். ஒரு இடத்தில் அத்தனை நாளும் ஊர் எறிந்த டீப் பைகளையெல்லாம் அவர் கழுவி, துத்திக் கிளைகளில் வரிசையாக மாட்டிக் காயவைத்திருந்தார். கீழே போட அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. அதைப் பார்த்ததும் அவள் கை இன்னும் வேகமாக ஓடியது.

நெஞ்சளவு பார்த்தீனியத்துக்கு நடுவில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தாடியோடு சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"ஏனுங்க, விசில் ஊதறதுக்கென்ன? ஊரே நிக்குது அங்க."

அவர் விசிலைத் தூக்கிக் காட்டினார். "உள்ளாற இருக்கற உருண்டை பனியில ஊறி ஒட்டிக்கிச்சு" என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"தொண்டை?"

"அதுவும் ஒட்டிக்கிச்சு."

கஷாயத்தை ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சுட்டது. பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். இது காட்டுக் கொத்தமல்லி இல்லீங்க."

"தெரியும். பார்த்தீனியம்."

மயிலாத்தாள் திரும்பினாள். "தெரியுமா?"

"முப்பது வருசம் எந்த ஸ்டாப்புல எறங்கினாலும் ஆளுக்கு முந்தி இதுதான நின்னுக்கிட்டிருக்கும். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

"கேட்டா நீ பேசறயல்ல."

"தெரிஞ்சும் ஏன் புடுங்காம உட்டீங்க?"

"நீதான உட்ருங்கன்ன." கஷாயத்தின் காரத்தில் அவர் இருமினார். "நான் வந்தா நீ மறுபடியும் பூனைகிட்டப் பேசுவியேன்னு எனக்கும் ரோசனையாத்தான் இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது, தோசைத் திருப்பியின் கைப்பிடியால் அவர் தோளில் ஒன்று போட்டாள். "ஒரு மாசமா எனக்குத் தூக்கமில்ல, வடையா சுட்டு எறிஞ்சேன்!"

"வடை நல்லா இருந்துச்சு."

"அவரைச் செடியும் தெரிஞ்சுதான் கேட்டீங்களா?"

"அது நெசமாத் தெரியாது மயிலா. சத்தியமா."

அப்புறம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தீனியத்தைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். அதன் பூந்தூள் மூக்கில் ஏறி அவர் தும்மினார், அவள் தும்மினாள். வெளியே நின்றிருந்த எங்களுக்கு முதலில் ஒரு தும்மலும் பிறகு இன்னொரு தும்மலும் கேட்டன. டீக்கடைக்காரர் கடைக்குப் போய் ரெண்டு டீ முடிந்துகொண்டு வந்தார்.

அவர்கள் அவசரப்படவில்லை. காய்ச்சல் விட்ட பிறகு ஒரு நாள் இந்தப் பாத்தி, ஒரு நாள் அந்தப் பாத்தி என்று எடுத்தார்கள், சில நாள் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தார்கள், சில நாள் சத்தமே கேட்கவில்லை, அந்த நாட்களில் ருக்குமணி தையல் மெஷினை வேண்டுமென்றே வேகமாக மிதித்தாள். பொங்கலுக்கு வந்த சுகந்தி பெட்டியை வாசலில் வைத்துவிட்டு வேலியோரம் நின்று, "அம்மா! ரெண்டு பேரும் இப்ப வெளிய வரப் போறீங்களா இல்லயா?" என்று கத்தினாள். "இந்தப் பாத்தி மட்டும் முடிச்சுட்டு வர்றமம்மிணி, நீ போய்ப் பால் காய்ச்சு" என்று உள்ளேயிருந்து ரெண்டு குரலும் சேர்ந்து சொல்லின.

அவள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது மயிலாத்தாள் கடைசிக் கோரையைக் கிழங்கோடு பிடுங்கி மண்ணை உதறினாள், நிமிர்ந்து பார்த்தால் துவைக்கிற கல் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. சுற்றிலும் அஞ்சு சென்ட் வெறும் சிவப்பு மண். மூணு பக்கமும் மூணு வீட்டுச் சுவர், நாலாவது பக்கம் ரோட்டோர வேலி. நாங்களெல்லாம் அந்த இடத்தின் சிறுசைப் பார்த்து, இதற்குள்ளேயா என்று கேட்டுவிடக் கூடாதென்று, பொங்கல் எப்படி, பால் எந்தப் பக்கம் பொங்கியது என்று வேறு பேச்சுப் பேசினோம். சென்னியப்பன் காலைக் கழுவினார். கழுவிய தண்ணீர் மண்ணில் ஓடியது.

என்ன விதைப்பது என்ற பேச்சு அன்று சாயங்காலமே வந்தது. "நீங்க சொல்லுங்க" என்றாள் அவள். "நீ சொல்லு" என்றார் அவர். நீங்க சொல்லுங்க, நீ சொல்லு என்று மாசி பிறந்துவிட்டது, விதை பாக்கெட் பிரிக்காமலே கிடந்தது, ஆனாலும் ஈரம் காயக் கூடாதென்று ரெண்டு பேரும் மாற்றி மாற்றித் தண்ணீர் மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு காலையில் நட்ட நடுவில் பச்சையாக ஒன்று முளைத்து நின்றது. ரெண்டு பேரும் மண்ணில் முழங்கால் ஊன்றி, தலையும் தலையும் இடித்துக்கொள்ளக் குனிந்து பார்த்தார்கள்.

"களைதான்" என்றார் சென்னியப்பன்.

"செடியாட்டம் இருக்குதுங்க" என்றாள் மயிலாத்தாள்.

"தண்டப் பாரு, களையேதான்."

"எலையப் பாருங்க, எந்தக் களைக்கு இப்படி எலை இருக்குது?"

வெயில் ஏறியது. மினி பஸ் வந்து நின்று, ஆரன் அடித்து, யாரையும் ஏற்றாமல் போனது. அவர்கள் எழுந்திருக்கவில்லை.

"சரி, இருக்கட்டும்" என்றார் கடைசியில் அவர். "இன்னும் ரெண்டு எலை உடட்டும். பாத்துக்கலாம்."